கழுவுதலும் தொற்றுநீக்கலும்: யாழ்ப்பாணத்து நோயாளர் விடுதிகளை முன்னிட்டு ஓர் ஆய்வு

மருந்துக்கு அடங்காத கிருமி சாதாரணத் தொற்றுநீக்கிக்கும் அடங்காது என்னும் எண்ணம் பாமரரிடத்து மாத்திரமன்றிக் கற்றாரிடத்தும் காணப்படுதலின், விலையுயர்ந்த திராவகங்களை நாடி, எளிய கழுவுதலை அலட்சியஞ் செய்யும் மனோபாவம் எங்கும் எளிதில் இடம்பெற்றுவிடுகின்றது. அவ்வெண்ணம் முற்றிலும் பிழையானது.

மெதிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 1959ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. 1961இலேயே அதனை எதிர்த்து நிற்கும் ஸ்ரஃபிலோகொக்கஸ் ஓறியஸ் என்னும் கிருமி இங்கிலாந்திற் கண்டறியப்பட்டது. மருந்து பற்றிக்கொள்ள இயலாத வேறொரு புரதத்தைக் கொண்டு தன் கலச்சுவரைக் கட்டிக்கொள்ளுதலே அக்கிருமியின் சாமர்த்தியம். குளோரீனோ ஒரு புரதத்தை மாத்திரம் தேடிச் செல்வதன்று. கிருமியின் தேகம் முழுவதையும் ஒட்சியேற்றிச் சிதைப்பது. ஆதலின் மெதிசிலினை வென்ற கிருமியும் வெல்லாத கிருமியும் குளோரீன் நீரில் ஒருங்கே மடியும்.

இனி, குளோரீனைத் தோற்கச் செய்வது யாதெனின், அழுக்கே. சீழும் இரத்தமும் வியர்வைப் பிசுக்கும் படிந்த கட்டிற் கம்பியின்மீது அதனைத் தெளித்தால், அதன் வலிமை அவ்வழுக்கோடு பொருதே செலவாகிவிட, அடியிற் கிடக்கும் கிருமி தப்பிவிடும். உலர்ந்த பரப்பில் அது மாதக்கணக்கிலும் உயிர்தரிக்க வல்லது. யாழ்ப்பாணத்தில் இதனோடு மற்றுமோர் இடையூறும் சேருகின்றது. வற்றாத ஆறில்லாத இக்குடாநாடு சுண்ணக்கற் பாறையில் ஊறிய கிணற்று நீரையே பெரிதும் நம்பியிருப்பது. அவ்வன்னீரிற் சவர்க்காரம் நுரைத்தற்கு முன்னரே வெண்ணிறக் கசடாகத் திரிந்து, துடைத்த கம்பியின்மீது மெல்லிய படலமாய் ஒட்டிக்கொள்ளும். ஒளியிற் சாய்த்துப் பார்த்தால் அப்படலம் கண்ணுக்கே புலனாகும். ஆகவே இங்கே சவர்க்காரத்தினும் வன்னீரில் திரியாத சலவைத்தூளே தக்கது. அதனால் தேய்த்து, நல்ல நீரால் அலசி, அதன்பின்னரே, ஐந்து வீதக் குளோரீன் கரைசலில் ஒரு பங்குக்கு நாற்பத்தொன்பது பங்கு நீர் கலந்து அன்றன்று ஆக்கிய நீரைப் பூசி, பத்து நிமிடம் ஈரமாகவே விடுதல் வேண்டும். குளியலறையின் உப்புப் படிவைக் கரைக்கும் அமிலத்தோடு இந்நீர் கலக்குமாயின் நச்சு வாயு எழும் என்பதும் மறக்கற்பாலதன்று.

கிருமி பரவும் பெருவழி கையே. மாந்தருள் ஏறக்குறைய முப்பது வீதத்தினர், மருந்தை எதிர்ப்பதாயினும் எதிர்க்காததாயினும், ஸ்ரஃபிலோகொக்கஸ் ஓறியஸை மூக்கிலும் சுமக்கின்றனர். ஆகவே கட்டிலைக் கழுவுதல் வீண் என்பாருமுளர். கைகழுவுதலின் முதன்மையை நான் மறுக்கவில்லை. எனினும், கழுவிய கை அடுத்த கணமே கம்பியைப் பற்றுகின்றதே! மெதிசிலினை எதிர்க்கும் இக்கிருமி கொண்டார் தங்கிய அறைக்குப் பின்னர் வந்தவரிடத்து அது தொற்றும் வாய்ப்புக் கூடுதலென, 2006இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பற்றி வெளிவந்த ஆய்வும் காட்டிற்று. வரிசையாகக் கட்டில்கள் நெருங்கிய பொதுவிடுதியில், உறவினர் கட்டிலின் ஓரத்தமர்ந்து சோறூட்டும் நம் வழக்கத்தில், இவ்வாய்ப்பு எவ்வாறு குறையும்?

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்து நூல்களையும் மொழிபெயர்த்தார். வைத்தியமாணாக்கர் அன்று பெற்ற அப்பேற்றினை இன்று விடுதியைத் துடைக்கும் சிற்றூழியரும் பெறுதல் நியாயம்: எதனை முன் துடைப்பது, துணியை ஏன் மாற்றுவது, பத்து நிமிடம் ஏன் காத்திருப்பது என்பவற்றை அவர்க்குக் காரணத்தோடு கற்பித்தல் வேண்டும். கற்பித்தலோடு அதிகாரமும் அளித்தல் அவசியம்; ஒரு நோயாளர் வீடு திரும்பியபின், துடைத்த கட்டில் உலர்ந்ததென அச்சிற்றூழியர் சொல்லும்வரை, அடுத்தவரை அதிற் கிடத்தலாகாது.