எழுத்தாணியும் விரல்நுனியும்

தொடுதிரைக் கைபேசியின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் அதை ஒரே நாளில் தொடங்கி ஒரே மனிதரில் முடித்துவிடுகிறார்கள். 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரின் மேடையொன்றில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை உயர்த்திக் காட்டினார், உலகம் மாறிற்று. நம் மாணவர்கள் அறிந்திருப்பது இவ்வளவே. இலக்கிய வரலாறு கற்பிக்கும் நமக்கு இத்தகைய கதைகளின்மீது இயல்பாகவே ஓர் ஐயம் உண்டு. தமிழின் முதல் நாவல் எது என்பதற்கு விடை சொல்லிவிட்டால் தமிழ் நாவலின் வரலாறு முடிந்துவிடுவதில்லை அல்லவா?

ஐபோன் முதலில் வந்த தொடுதிரைக் கைபேசி அன்று. அது பலருக்கும் தெரியும். எது முதலில் வந்தது என்ற ஆராய்ச்சியைவிட நமக்குச் சுவையாகத் தோன்றும் கேள்வி வேறு. 2007 முதல் 2009 வரையிலான அந்த மூன்றாண்டுகளில் களத்தில் நின்ற கருவிகள் ஒவ்வொன்றும் பழைய கைபேசியிலிருந்து எதைக் கைவிட அஞ்சின?

கேள்விக்குள் நுழையுமுன் திரையைப்பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். தொடுதிரைகளில் இரு குலங்கள் உண்டு. ஒன்றில், மின்கடத்தும் பூச்சுடைய இரு மெல்லிய படலங்கள் சிறு இடைவெளியோடு அமைந்திருக்கும். மேலே அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைக் கருவி கண்டுகொள்ளும். நகம், பேனா மூடி, குச்சி எதுவாயினும் அதற்கு ஒன்றே. இதனை அழுத்தத்திரை என்போம். மற்றதில் கண்ணாடியின்மீது ஒரு மெல்லிய மின்புலம் பரவியிருக்கும். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தவல்லது ஆதலால், விரல் பட்டவுடன் அப்புலம் அவ்விடத்தில் மாறுகிறது. அழுத்த வேண்டியதில்லை, பட்டாலே போதும். ஆனால் பேனா மூடியை அது பொருட்படுத்தாது. இது மின்தேக்கத்திரை. வியப்பு என்னவெனில் இவ்விரண்டில் மூத்தது மின்தேக்கத்திரையே. இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரிலிருந்த ராடார் ஆய்வகத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் 1965இலேயே அதனை விவரித்து எழுதிவிட்டார். சாம் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கரின் அழுத்தத்திரை வந்தது 1970களில்தான். எனினும் கைக்கருவிகளில் முதலில் குடியேறியது பின்னதே.

1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் அத்தகையது. அரைக்கிலோ எடை, 899 டாலர் விலை, ஒரு மணி நேரம் பேசினால் தீர்ந்துவிடும் மின்கலம். அதில் மின்னஞ்சல் உண்டு, நாட்காட்டி உண்டு, தொலைநகல்கூட உண்டு. ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்று, அடுத்த ஆண்டே மறைந்தது. அதனுடன் ஓர் எழுத்தாணி தரப்பட்டது. 'ஸ்டைலஸ்' என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல்லை நாம் தேட வேண்டியதில்லை. மெழுகுப் பலகையில் எழுத உரோமானியர் வைத்திருந்த கருவியின் பெயரே அது. 1996இல் வந்த பாம் பைலட் அந்த எழுத்தாணியை நிலைநாட்டிற்று. அதனை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறக்குமுன்பே அதன் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்து திரிந்தவர். கருவிக்கு மனிதக் கையெழுத்து எளிதில் விளங்காது என்பதால், கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதும் புதிய எழுத்துவடிவங்களை மக்களையே கற்கச் செய்தார். மக்களும் கற்றார்கள்! ஓலைக்கு ஏற்பத் தமிழெழுத்து புள்ளி துறந்து வளைந்துகொடுத்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இனி 2007க்கு வருவோம். ஐபோனின் உண்மையான முதற்போட்டியாளர் தென்கொரியாவின் எல்ஜி நிறுவனம், பிராடா என்னும் இத்தாலிய ஆடையலங்கார நிறுவனத்தோடு சேர்ந்து ஆக்கிய கருவி. அதன் வடிவமைப்பு 2006இலேயே ஜெர்மனியின் ஐஎஃப் பரிசைப் பெற்றது. படங்கள் அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தன. 2007 மே மாதம் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தது. ஐபோன் விற்பனைக்கு வந்ததோ ஜூன் 29இல். மின்தேக்கத்திரை கொண்ட முதல் கைபேசி என்ற பெருமை பிராடாவையே சேரும். கரிய கண்ணாடி, மெலிந்த உடல், முகப்பில் விசைகள் ஏதுமின்மைக்குச் சற்றே குறைவான எளிமை. இரண்டையும் அருகருகே வைத்தால் உடன்பிறந்தவை எனலாம். ஆப்பிள் தங்கள் கருத்தைக் களவாடிற்று என்று எல்ஜி தரப்பில் பேச்செழுந்ததும் இதனால்தான். அக்குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. விரல்களின் பல தொடுகைகளை ஒருங்கே உணரும் நுட்பத்தில் தேர்ந்த ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனத்தை ஆப்பிள் 2005இலேயே வாங்கிவிட்டிருந்தது. இருவரும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே சந்தியில் எதிர்ப்பட்டார்கள் என்பதே பொருத்தம்.

புறத்தோற்றம் ஒன்றாக இருப்பினும் பிராடாவின் உள்ளே நுழைந்தால் வேறுலகம். குறுஞ்செய்தி எழுத முனைந்தால் திரையில் தோன்றுவது பழைய பன்னிரு விசைகளின் ஓவியம். எண்விசையை மீண்டும் மீண்டும் தட்டி எழுத்தைத் தேடும் அதே பழக்கம். ஒரு நேரத்தில் ஒரு தொடுகையை மட்டுமே அது அறியும். ஆக, விசைகளை அகற்றிவிட்டு விசைகளின் படத்தை வரைந்துவைத்தார்கள். ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் ஓட்டின் கோலத்தை வரைந்ததுபோல. அழகிய கருவிதான், பதினெட்டு மாதங்களில் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றதென்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஐபோன் குறைகளற்று வந்ததா? இல்லவே இல்லை. மூன்றாம் தலைமுறை அலைவரிசை அதில் இல்லை. ஓரிடத்துச் சொல்லை வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டும் வசதிகூட இல்லை. அது 2009இல்தான் வந்தது. வெளியார் எழுதிய செயலிகளுக்கு 2008 ஜூலை வரை இடமில்லை. 599 டாலருக்கு விற்ற 8 ஜிபி கருவியை இரண்டே மாதங்களில் 399 டாலராகக் குறைத்து, முதலில் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். ஜாப்ஸ் மேடையில் காட்டிய கருவியே அரைவேக்காடு என்பதும், குறித்த வரிசையில் காட்டினால் மட்டுமே நின்றுபோகாமல் ஓடும் என்பதும் பின்னாளில் அதன் பொறியாளர்கள் வாயிலாக வெளிவந்தன.

ஆயினும் விரலை முழுமையாக நம்பியது அது ஒன்றுதான். நம்பிக்கை என்று நாம் சொல்வது வெறும் அணிமொழி அன்று. கண்ணாடிமீது வரைந்த சிறு விசைகள் விரல்நுனியைவிடக் குறுகியவை. பிழை நேர்ந்தே தீரும். அவ்விசைப்பலகையை எழுதிய கென் கோசியெண்டா என்ற பொறியாளர் முதலில் ஒரு விசையில் பல எழுத்துகளை அடுக்கிப் பார்த்தார். பின்னர் எழுத்துக்கு ஒரு விசை என்ற பழைய வடிவுக்கே திரும்பி, பிழைதிருத்தும் பொறுப்பை மென்பொருளிடம் ஒப்படைத்தார். அடுத்து வரக்கூடிய எழுத்து எதுவெனக் கணித்து, அவ்விசையின் தொடுபரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் அகலமாக்கும் வித்தையும் அதில் உண்டு. படத்தில் விசை மாறாது. அடியில் நிலம் விரிந்துகொடுக்கும். பட்டியலின் கடைசிக்கு வந்துவிட்டால் அது இரப்பர்போல் சற்று இழுபட்டுத் திரும்புவதையும் இவ்வகையில் சேர்க்கலாம். விரலுக்கு மறுமொழி சொல்லும் கருவி அது.

உலகில் விற்ற பத்துக் கைபேசிகளில் ஏறத்தாழ நான்கு நோக்கியாவினுடையதாக இருந்த காலம் அது. நோக்கியாவின் மறுமொழி 2008 அக்டோபர் 2இல் 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக் என்ற பெயரில் வந்தது. அழுத்தத்திரை. பின்புறத்தில் செருகிய எழுத்தாணி. போதாதென்று கித்தார் மீட்டும் வில்லையைப் போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டும் தந்தார்கள். இதனைப் பழமைவாதம் என்று எள்ளுவது எளிது. கையுறையின்றி வெளியே செல்லவியலாத பின்லாந்தின் குளிரில் மின்தேக்கத்திரை பயன்படாது என்பதையும், சீன எழுத்துகளை வரைய எழுத்தாணியே தோது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அவர்களின் தயக்கத்தில் நியாயம் இருந்தது தெரியும். திரையும் ஐபோனைவிடக் கூர்மை, விலையும் குறைவு. நம் நாட்டில் 2008 ஆகஸ்டு 22இல் வந்த ஐபோன் 3ஜியின் 8 ஜிபி வகை 31,000 ரூபாய். கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் சில மாத ஊதியம்.

நோக்கியா சறுக்கியது திரையில் மட்டுமன்று. விசைகளுக்கென எழுதப்பட்ட சிம்பியன் மென்பொருளின்மீதே தொடுதலை ஒட்டவைத்தார்கள். ஓரிடத்தில் ஒருமுறை தொட்டால் திறக்கும்; பட்டியலிலோ முதல் தொடுதல் தேர்ந்தெடுக்கும், இரண்டாம் தொடுதல்தான் திறக்கும். மேல்கீழ் விசையால் நகர்ந்து நடுவிசையால் ஏற்கும் பழக்கத்தின் எச்சம் அது. விசை போய்விட்டது, அதன் இலக்கணம் போகவில்லை.

பிளாக்பெர்ரி இன்னும் வினோதமான வழியை நாடிற்று. விரலுக்குக் கீழே விசை அமிழும் உணர்வே அந்நிறுவனத்தின் உயிர். 2008 நவம்பரில் வந்த ஸ்டார்ம் கருவியில் திரை முழுவதையும் ஒரே விசையாக்கிவிட்டார்கள். எழுத்தைத் தொட்டால் ஒளிரும். கண்ணாடியையே கீழே அழுத்தினால்தான் பதியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அமுக்கு. வை-ஃபை வசதியும் இல்லை. மதிப்புரையாளர்கள் கிழித்துப்போட்டார்கள்.

நாம் இங்கே சற்று நிற்க விரும்புகிறோம். நம்முடன் பணியாற்றும் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பார்வையற்றவர். ஐந்தாம் எண்விசையின்மீதுள்ள சிறு புடைப்பைத் தடவி, அங்கிருந்து திசைகணித்து, எவர் உதவியுமின்றி எவரையும் அழைத்துவிடுவார். வழவழப்பான கண்ணாடி வந்தபோது அவருக்கு அது சுவர். தொட்டதை வாய்விட்டுப் படிக்கும் வாய்ஸ்ஓவர் ஐபோனில் சேர்ந்தது 2009 ஜூனில், 3ஜிஎஸ் வகையோடுதான். முதலிரண்டு ஆண்டுகளின் புரட்சியில் அவரைப் போன்றோருக்கு இடமில்லை. தொட்டதை விரலே உணர வேண்டும் என்ற பிளாக்பெர்ரியின் பிடிவாதத்தை அதனால் நம்மால் முழுக்கச் சிரித்துத் தள்ள இயலவில்லை. தேவை மெய், கண்ட தீர்வுதான் பொய்.

விசைகளற்ற கண்ணாடியால் நம் மொழிக்கு விளைந்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். பன்னிரு விசைகளில் 247 எழுத்துகளை எழுதுவது பெரும்பாடு. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் அந்தப் பன்னிரு விசைகளிலேயே தமிழை எழுதவைத்தது. கண்ணாடியின்மீதோ அச்சடித்த எழுத்து ஏதுமில்லை. மென்பொருள் எதை வரைகிறதோ அதுவே விசை. ஆனாலும் ஐபோனில் தமிழ் விசைப்பலகை உள்ளமைந்து வர 2013 வரை, ஏழாம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடம் காலியாக இருந்தது; அமர்த்துவார் இல்லை.

ஆண்ட்ராய்டின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கூகுள் முதலில் ஆக்கிக்கொண்டிருந்தது பிளாக்பெர்ரியை ஒத்த விசைக்கருவியை. ஐபோனைக் கண்டபின் அதனை ஒதுக்கித் தொடுதிரைக் கருவியை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2008 அக்டோபரில் ஜி1 என்ற பெயரில் அது வந்தபோது, திரைக்கடியில் இழுப்பறைபோல் ஒரு விசைப்பலகை இருந்தது. திரையிலேயே எழுதும் வசதி அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. ஒரு காலை ஆற்றிலும் ஒரு காலைச் சேற்றிலும் வைத்த கருவி. எனினும் தவறைத் திருத்திக்கொள்ளும் விரைவில் அவர்களை எவரும் மிஞ்சவில்லை.

நம் மனத்துக்கு உகந்தது பாம் பிரீ. 2009 ஜூன் 6இல் வந்தது. எழுத்தாணியை நிலைநாட்டிய அதே பாம் நிறுவனம், அதனைத் துறந்து விரலுக்கென்றே வெப்ஓஎஸ் என்ற மென்பொருளைப் புதிதாக எழுதிற்று. ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் சீட்டுகளைப் போல வரிசையாக நிற்கும். வேண்டாததை மேல்நோக்கித் தள்ளினால் பறந்துவிடும். 2017இல் ஐபோன் டென் வந்தபோது அதே சீட்டுகளையும் அதே தள்ளலையும் கண்டு பழைய பாம் அன்பர்கள் பெருமூச்செறிந்தார்கள். பிரீயிலும் ஒரு விசைப்பலகை கீழே ஒளிந்திருந்தது. அதனைவிட, கையில் பணமில்லை. 2010இல் எச்பி நிறுவனம் 120 கோடி டாலருக்குப் பாமை வாங்கியது. மறு ஆண்டே கைவிட்டது. 2013இல் வெப்ஓஎஸ்ஸை வாங்கியவர் வேறு யாருமல்லர், எல்ஜி! கைபேசித் தொழிலிலிருந்தே 2021இல் விலகிவிட்ட அந்நிறுவனத்தின் தொலைக்காட்சிகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

நோக்கியாவின் வீழ்ச்சி நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அதன் ஆலை, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் சம்பளம் தந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்குகளில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. ஐந்தாண்டுகள் பூட்டிக்கிடந்த அவ்விடத்தை 2019இல் சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கியது. ஆப்பிளுக்கு மின்னேற்றிகள் செய்து தரும் நிறுவனம் அது. அதே ஆண்டில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்களையும் பூட்டத் தொடங்கினார்கள்.