‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் வினா: மௌனி கதைகளும் சிற்றிதழ் வாசகரும்

முன்னுரை

தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் படைப்பாளரை மையமாக வைத்தே எழுதியுள்ளனர். படைப்பு எப்போது எழுதப்பட்டது, எந்த இதழில் வந்தது, அதன் உள்ளடக்கம் யாது என்பவை பதிவாகியுள்ள அளவுக்கு, அப்படைப்பு அடுத்த தலைமுறையின் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது பதிவாகவில்லை. நடப்பியல் சார்ந்த கதைகளுக்கு வணிக இதழும் பாடத்திட்டமும் ஓரளவு இடம் தந்தன. நனவுக்கும் கனவுக்கும் இடைப்பட்ட வெளியில் இயங்கும் கற்பனைப் புனைவுக்கு அவ்விரண்டும் நெடுங்காலம் கிட்டவில்லை. அத்தகைய புனைவை வாழவைத்தவர்கள் சிற்றிதழ் சார்ந்த வாசகர்களே. அவர்கள் மதிப்புரை எழுதினர்; இதழ் நடத்தினர்; பழைய இதழ்களைத் தேடித் தொகுத்தனர்; நூலாக்கினர்; அந்நூல்களைச் சுமந்து சென்று விற்கவும் செய்தனர். மௌனி கதைகளின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வாசகர்தம் பணியையும் அதன் குறைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணிக்கொடியும் மௌனியும்

1933இல் வார இதழாகத் தொடங்கிய ‘மணிக்கொடி’ 1935இல் பி.எஸ். இராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென அமைந்த இதழாக உருமாறியது. எஸ். மணி (1907–1985) என்னும் கணிதப் பட்டதாரியை எழுதத் தூண்டி, ‘மௌனி’ என்று பெயர் சூட்டியவரும் இராமையாவே. 1936 முதல் மௌனியின் கதைகள் மணிக்கொடியில் வெளிவரலாயின. அவர் தம் வாழ்நாள் முழுவதும் எழுதிய கதைகள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. அவற்றுள்ளும் கணிசமானவை மணிக்கொடிக் காலத்தில் எழுதப்பட்டவையே.

இக்கதைகள் அக்கால வாசகருக்குப் பழக்கமான கதைகளாக இல்லை. ‘பிரபஞ்ச கானம்’ கதையில் இயற்கையின் இசை ஒரு பெண்ணிடம் குடிகொண்டு விட்டதாக ஒருவன் எண்ணுகிறான். பாடக்கூடாத உடல்நிலையிலிருக்கும் அப்பெண் பாடும்போது, அவள் உயிர் பாட்டோடு பிரிகிறது. இசை இயற்கைக்கே திரும்புகிறது. ‘அழியாச்சுடர்’ கதையில் கோயில் தூணின் யாளி, ஒருவன் சொன்ன சொல்லுக்குச் சாட்சியாகி உயிர்பெறுவது போல் தோன்றுகிறது. இந்நிகழ்ச்சிகளை உளமயக்கம் என்றோ தெய்வச் செயல் என்றோ ஆசிரியர் முடிவு கூறுவதில்லை. பேய்க்கதையின் திகிலும் புராணக்கதையின் நம்பிக்கையும் இவற்றில் இல்லை. எனவே அன்றைய இதழ்களில் வழங்கிய கதை வகைகள் எவற்றிலும் இவை அடங்கவில்லை.

மௌனியின் தனித்தன்மையை முதலில் உணர்ந்து எழுதியவர்களுள் புதுமைப்பித்தன் குறிப்பிடத்தக்கவர். தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என அவர் மௌனியைச் சுட்டியது பின்னர்ப் பலராலும் எடுத்தாளப்பட்டது. சக படைப்பாளர் ஒருவரின் இப்பாராட்டு மௌனிக்குப் பெயர் தந்ததே அன்றி நூல் தரவில்லை. மணிக்கொடி நின்றபின் அக்கதைகள் பழைய இதழ்களுக்குள் முடங்கின. முதல் கதை அச்சாகி இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1959இல், ‘அழியாச்சுடர்’ என்னும் முதல் தொகுதி வெளிவந்தது. இவ்விடைக்காலத்தில் மௌனி என்ற பெயர் மறையாமல் இருந்தது எவ்வாறு என்பதே இங்கு எழும் வினா.

க.நா.சு.: வாசகர் என்னும் நிலை

இவ்வினாவுக்கான விடையில் முதன்மையான இடம் க.நா. சுப்ரமண்யத்துக்கு (1912–1988) உரியது. ‘பொய்த்தேவு’ (1946) முதலிய நாவல்களின் ஆசிரியராக இருந்தும், திறனாய்வில் அவர் பேசியது வாசகரின் குரலிலேயே. ‘சூறாவளி’ (1939), ‘சந்திரோதயம்’ (1945), ‘இலக்கிய வட்டம்’ (1963–1965) என அவர் நடத்திய இதழ்கள் எவையும் நெடுநாள் வாழவில்லை. ஆயினும் ஓர் இதழ் நின்றதும் மற்றோர் இதழிலோ, பிறர் இதழிலோ அவர் அதே பணியைத் தொடர்ந்தார். இடதுசாரிச் சார்புடைய ‘சரஸ்வதி’யும் அவருக்கு இடமளித்தது.

‘படித்திருக்கிறீர்களா?’ என்று அவர் தம் நூலொன்றுக்கு இட்ட பெயர் அவரது முறையியலை முழுமையாகக் காட்டுவதாகும். நூலின் சிறப்பைக் கோட்பாட்டின்வழி நிறுவுவதை அவர் முதற்பணியாகக் கொள்ளவில்லை. படிக்காதவரைப் படிக்கச் செய்வதே அவர் கருதிய முதற்பணி. அதனால் அவரது கட்டுரைகளில் விளக்கத்தை விடப் பரிந்துரை மிகுதி. சிறந்தவை எனத் தாம் கருதியவற்றை மீண்டும் மீண்டும் பட்டியலிட்டார். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ போன்ற நடப்பியல் நாவலும், மௌனியின் அகவெளிக் கதைகளும் அவர் பட்டியலில் அருகருகே இடம்பெற்றன. அவர் போற்றியது ஒரு குறிப்பிட்ட கதை வகையை அன்று. வணிக இதழின் அச்சில் வாராத எழுத்தை என்பது இதனால் புலனாகும்.

மௌனியை அவர் தொடர்ந்து குறிப்பிட்டு வந்தமை ஒரு வரலாற்றுச் செயலாகும். நூல் கிடைக்காத நிலையிலும் நூலாசிரியரின் பெயர் புதிய வாசகரின் நினைவில் ஊன்றப்பட்டது. கிடைக்காத நூலைத் தேடவேண்டும் என்னும் எண்ணம் அதனால் உண்டாயிற்று. வாழ்வின் பிற்பகுதியில் பல ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்த க.நா.சு. அங்கிருந்தும் இப்பணியை விடவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகள் வாயிலாகப் பிறமொழியாளருக்கும் தற்காலத் தமிழ் எழுத்தை அறிமுகப்படுத்தினார்.

‘எழுத்து’ம் தொகுப்பாளரும்

1959 சனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இப்பணியின் அடுத்த படிநிலை. க.நா.சு. பரிந்துரைத்தார், செல்லப்பா படைப்பைப் பகுத்து நோக்கும் முறையை வலியுறுத்தினார். ஒரு கதை ஏன் நன்று என்பதற்குச் சொல்லமைப்பிலும் கதையமைப்பிலும் காரணம் காட்டப்பட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1970 வரை வெளிவந்த அவ்விதழ், புதுக்கவிதைக்கு ஆற்றிய பணியால் பெரிதும் அறியப்படுகிறது. வாசகரைத் திறனாய்வாளராக மாற்றியது அதற்கு இணையான பணி. ஈழத்துத் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு (பிரமிள்), தமிழகத்துக்கு வெளியே பணியாற்றிவந்த வெங்கட் சாமிநாதன் ஆகியோர் ‘எழுத்து’வின் வாசகராக இருந்து அதன் எழுத்தாளராக வளர்ந்தவர்கள். செல்லப்பா தம் பதிப்பக நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிகள்தோறும் சென்று விற்றமையையும் இவ்வரலாற்றின் பகுதியாகவே கொள்ளவேண்டும். சிறுபதிப்பகத்தின் நூல் கடைக்குச் செல்வதில்லை. அதை விரும்பும் ஒருவரின் தோளில் ஏறியே அது ஊர் கடந்தது.

1967இல் ‘மௌனி கதைகள்’ தொகுப்பு வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் மௌனியின் வாசகரான கி.அ. சச்சிதானந்தம், முன்னுரை எழுதியவர் அப்போது முப்பது வயதையும் எட்டாத பிரமிள். தொகுப்பாளர், முன்னுரையாளர் இருவருமே மௌனிக்கு ஒரு தலைமுறை இளையவர்கள். கல்வி நிறுவனம் எதனாலும் பணிக்கப்படாதவர்கள். மௌனி 1940கள் தொடங்கி வாழ்ந்தது சிதம்பரத்தில். தமிழாய்வின் பெருநிலையங்களுள் ஒன்றான அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவ்வூரை அடுத்தே அமைந்துள்ளது. எனினும் அவர் புகழ் உருவானது அப்பல்கலைக்கழகத்தின் வழியாக அன்று. தொலைவிலிருந்து அவரைத் தேடி வந்த வாசகர் வழியாகவே உருவாயிற்று.

திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த நகுலன் 1968இல் வெளியிட்ட ‘குருக்ஷேத்திரம்’ தொகைநூலும் இவ்வாசக மரபில் வந்ததே. தில்லி, திருவனந்தபுரம், திருகோணமலை என இவ்வலைப்பின்னல் தமிழகத்தின் எல்லையைக் கடந்து விரிந்திருந்தமை கருதத்தக்கது. அஞ்சலில் செல்லும் சில நூறு படிகளே இவ்விடங்களை இணைத்தன.

இரசனை முறையின் குறைகள்

இப்பணியின் பெருமையைக் கூறுமளவுக்கு அதன் குறைகளையும் கூறுதல் ஆய்வின் கடமையாகும்.

முதலாவது, பரிந்துரை பல வேளைகளில் காரணத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. திருமூலர் ஒப்பீடு இதற்குத் தக்க சான்று. புதுமைப்பித்தன் கூறியபோது அது ஓர் எழுத்தாளரின் நுண்ணிய அவதானிப்பு. சொற்செறிவும் மறைபொருளும் கருதி அமைந்த அவ்வொப்பீடு, பிறர் வாயில் வெறும் பட்டமாயிற்று. பட்டம் வழங்கியபின் கதையைப் படிக்கவேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. மௌனியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகுதியாகவும், அவரைப் படித்தவர்கள் குறைவாகவும் இருக்கும் நிலைக்கு அவரைப் போற்றியவர்களும் ஓரளவு பொறுப்பாவர்.

இரண்டாவது, இவ்வாசகர் வட்டத்தின் சமூகப் பின்புலம் குறுகியது. மணிக்கொடி, எழுத்து ஆகியவற்றின் முன்னணியினர் பலர் அந்தணர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கோயிலும் அக்ரகாரமும் அவர்களுக்கு விளக்கம் வேண்டாத பின்னணி. அப்பின்னணியைப் பொதுவான மனித அனுபவமாக அவர்கள் எளிதாகக் கொண்டமை வியப்பன்று. க. கைலாசபதி இக்குழுவினரின் திறனாய்வு சமூகத்தை விலக்கித் தனிமனித இரசனையை அளவுகோலாக்குகிறது எனக் கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஆனால் புதுமைப்பித்தன், சண்முகசுந்தரம், பிரமிள் ஆகியோர் இம்மரபில் பெற்ற இடத்தை நோக்க, பின்புலம் ஒன்றே இரசனையைத் தீர்மானித்தது என்று கூறுவதற்கில்லை.

மூன்றாவது, போற்றுதல் பாடத்தைப் பற்றிய ஐயத்தை ஒதுக்கியது. மௌனியின் கதைகளைத் தாம் செப்பனிட்டமை பற்றி, ‘தேனீ’ இதழை நடத்திய எம்.வி. வெங்கட்ராம் பின்னாளில் எழுதியபோது அது விவாதமாயிற்று. அவ்விவாதத்தில் மௌனியின் பெருமை காக்கப்படுகிறதா, குறைக்கப்படுகிறதா என்பதே பெரிதும் பேசப்பட்டது. எந்தக் கதையில், எந்தத் தொடர், யாரால் மாற்றப்பட்டது என்பது ஆய்வுக்குரிய வினா. பற்றுமிக்க வாசகர் கேட்கத் தயங்கும் வினாவும் இதுவே.

வாசகர் முடித்த இடமும் ஆய்வாளர் தொடங்கும் இடமும்

மேற்கூறிய குறைகளால் இரசனை முறை பயனற்றதாகி விடாது. அம்முறையின் பயன் மதிப்பீட்டில் மட்டும் இல்லை, பாதுகாத்தலில் உள்ளது. கோட்பாட்டுத் திறனாய்வு கையில் இருக்கும் பனுவலையே ஆராயும். பனுவலைக் கைக்குக் கொண்டுவருவது, அது அழியத்தகாதது என்று முன்னதாகவே நம்பிய ஒருவரின் செயல். அந்நம்பிக்கைக்கு அப்போது முழுமையான சான்று இராது. விருப்பமே அதன் தொடக்கம். சச்சிதானந்தம் தொகுத்தமையால்தான் அத்தொகுப்பின்மீது மாறுபட்ட திறனாய்வுகளும் எழ முடிந்தது. 1997இல் இலட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக மௌனி பிறமொழி வாசகரை அடைந்ததும் இத்தொடர்ச்சியின் விளைவே.

எனினும் விருப்பம் தொடங்கிவைத்ததை ஆய்வு நிறைவு செய்யவேண்டும். இதற்குப் புதுமைப்பித்தன் பனுவல்களின் வரலாறு வழிகாட்டுகிறது. நண்பரும் வாசகருமான தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் புதுமைப்பித்தனின் வரலாற்றை எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 2000இல், ஆ.இரா. வேங்கடாசலபதி முதல் வெளியீட்டு இதழ்களை ஒப்புநோக்கிப் புதுமைப்பித்தன் கதைகளுக்குச் செம்பதிப்பு உருவாக்கினார். அன்பர் எழுதிய வரலாறும் ஆய்வாளர் அமைத்த பதிப்பும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல; ஒரே பணியின் இரு நிலைகள். மௌனிக்கும் இத்தகைய நிலை வாய்க்கவேண்டும். இதழில் வந்த பாடம், 1959, 1967ஆம் ஆண்டுத் தொகுதிகளின் பாடம், பிற்பதிப்புகளின் பாடம் ஆகியவற்றைத் தொடர்வாரியாக ஒப்பிடுவது அதற்குரிய வழி. யார் எதைத் திருத்தினர் என்னும் விவாதத்துக்கும் அவ்வொப்பீடே உறுதியான தரவைத் தரும்.

இதற்கு முதற்கண் இதழ்கள் கிடைக்கவேண்டும். சிற்றிதழ் மலிவான தாளில், குறைந்த எண்ணிக்கையில் அச்சானது. நூலகங்கள் அதை முறையாக வாங்கிக் கட்டமைத்து வைத்தது அரிது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் காத்துவரும் இதழ்களும் தனியொருவர் சேகரிப்பிலிருந்து வந்தவையே என்பது இங்கு நினைக்கத்தக்கது. வாசகர் ஒருவர் இறந்தபின் அவர் வீட்டு அலமாரி பழைய தாள் கடைக்குச் செல்லும்போது, ஒரு நூலின் மூலபாடமே அழிந்துவிடக்கூடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. மௌனியின் கதைகள் நிலைபெற்றமைக்கு வணிக இதழோ பாடத்திட்டமோ முதற்காரணம் அன்று. சிற்றிதழ் சார்ந்த வாசகரின் தொடர்பணியே காரணம். க.நா.சு.வின் பரிந்துரை, செல்லப்பாவின் பகுப்பாய்வு, சச்சிதானந்தத்தின் தொகுப்பு என அப்பணி மூன்று நிலைகளில் நிகழ்ந்தது. போற்றுதல் பாடத்தின் மீதும் சமூகப் பின்புலத்தின் மீதும் எழவேண்டிய வினாக்களைத் தள்ளிப்போட்டது அதன் குறை. தமிழகத்துக்கு வெளியே இயங்கும் தமிழ்த் துறைகளுக்கும் இதில் பங்குண்டு. க.நா.சு.வும் நகுலனும் வாழ்ந்த நகரங்களில் சிற்றிதழ்ச் சேகரிப்புகள் தனியார் இல்லங்களில் இருக்கக்கூடும். அவற்றைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துவதை முனைவர் பட்ட ஆய்வுக்குரிய களப்பணியாக ஏற்பின், அச்சேடு எஞ்சியிருக்கும்போதே அப்பணி நிறைவேறும். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்ட தலைமுறை தன் கடமையைச் செய்தது. ‘எந்தப் பாடத்தைப் படித்தீர்கள்?’ என்று கேட்பது அடுத்த தலைமுறையின் கடமையாகும்.