ரீசஸ் குரங்குகளில் கலோரிக் குறைப்பு ஆய்வுகள்
குறைவாக உண்டால் முதுமை நோய்கள் தள்ளிப்போகுமா என்று மனிதருக்கு நெருங்கிய விலங்கில் சோதித்த இரு நீண்டகால ஆய்வுகள். அமெரிக்காவின் தேசிய முதுமையியல் நிறுவனம் 1987இலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1989இலும் இவற்றைத் தொடங்கின. ஒரு பிரிவுக் குரங்குகளுக்குச் சுமார் 30 விழுக்காடு கலோரி குறைக்கப்பட்டது. நீரிழிவு, புற்றுநோய், இதயநோய் குறைந்ததாக விஸ்கான்சின் 2009இல் அறிவித்தது. ஆயுள் கூடவில்லை என்றது முதுமையியல் நிறுவனத்தின் 2012 அறிக்கை. இம்முரணை விளக்க, முழு உணவு பெற்ற ஒப்பீட்டுக் குரங்குகள் என்ன தின்றன என்று பார்ப்பது இன்றியமையாதது. விஸ்கான்சின் தீவனத்தில் ஏறக்குறைய 28 விழுக்காடு சர்க்கரை. அதையும் வேண்டுமட்டும் தின்னலாம். மற்றதில் சர்க்கரை 4 விழுக்காடே, அளவும் வரையறுக்கப்பட்டிருந்தது. இரு குழுவினரும் 2017இல் தரவுகளை இணைத்து ஆராய்ந்தபோது, வளர்ந்த குரங்குகளுக்கு நலம் தெரிந்தது; குட்டிப்பருவத்தில் தொடங்கியவற்றின் ஆயுள் நீளவில்லை.