அடி மட்டும் போதாது!

1990 வாக்கில் ஒரு கிறிஸ்தவப் பெண், தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடமிருந்து விவாகரத்து கேட்டுப் போயிருந்தால், வக்கீலின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருந்திருக்கும்: "ஏம்மா, அவருக்கு வேற பொம்பளை சகவாசம் உண்டா?"

"அதெல்லாம் இல்லைங்க சார். அடி, உதை மட்டும்தான்."

"அப்ப கஷ்டம்மா!"

வக்கீல் கிண்டல் செய்யவில்லை. 1869-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட இந்திய விவாகரத்துச் சட்டம் அப்படி! மனைவி சோரம் போனதை நிரூபித்தாலே கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ, கணவனின் கள்ள உறவோடு கொடுமையும் சேர்ந்திருக்க வேண்டும். வெறும் கொடுமை என்றால் பிரிந்து வாழலாம். அவ்வளவுதான். மறுமணம் கிடையாது.

இந்த விநோதக் கணக்கின் வேர் சர்ச்சில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1857 வரை கல்யாண வழக்குகளை விசாரித்தவை பிஷப்புகளின் கோர்ட்டுகள். தாலிக்கு பதில் மோதிரம், மற்றபடி பந்தம் பந்தம்தான். அடி தாங்காதவளுக்கு அதிகபட்சம் தனியே வாழ அனுமதி. அதுவும் லேசில் கிடைக்காது. 1790-ல் லண்டன் சர்ச் கோர்ட்டில் திருமதி எவான்ஸ் என்பவரின் வழக்கு. முன்கோபம், கடுஞ்சொல் எல்லாம் கொடுமை ஆகாது, உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து இருக்க வேண்டும் என்றார் நீதிபதி சர் வில்லியம் ஸ்காட். வழக்கு தள்ளுபடி!

1857-ல் வழக்குகள் சர்க்கார் கோர்ட்டுக்கு மாறின. பிஷப் போனார், கணக்கு போகவில்லை. அதைத்தான் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள்.

இங்கிலாந்து 1937-ல் திருத்திக்கொண்டது. இந்துப் பெண்களுக்கு 1976-ல், கொடுமை மட்டுமே விவாகரத்துக்குப் போதும் என்றானது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு? 1983-ல் சட்டக் கமிஷனே திருத்தச் சொல்லியும் டெல்லிக்குத் தயக்கம். 1995-ல் கேரள ஹைகோர்ட் அந்தப் பிரிவை வெட்டிச் சாய்த்தது. 2001-ல்தான் பார்லிமென்ட் விழித்துக்கொண்டது. 132 வருஷம்!

இதில் ஒரு வேடிக்கை. உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து போகலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் வருடச் சட்டமே சொல்கிறது. சில சமயம் பிரிவதுதான் தார்மிகக் கடமை என்று 2016-ல் போப் பிரான்சிஸும் எழுதினார். ஆனால், அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு எத்தனை இடத்தில் இதை எடுத்துச் சொல்கிறார்கள்? "ஜெபம் பண்ணும்மா, மாறிடுவார்" என்பதுதானே வழக்கமான மருந்து!

சரி, கோர்ட்டில் விவாகரத்து வாங்கியாச்சு. கோயிலில் மறுமணம் நடக்குமா? நடக்காது. முதல் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று திருச்சபையின் தீர்ப்பாயம் சொல்ல வேண்டும். அவர்கள் துருவுவது, கல்யாணத்துக்குப் பிறகு விழுந்த அடிகளை அல்ல. மோதிரம் மாற்றிய அன்றைக்கே ஏதாவது குறை இருந்ததா என்பதை!