புளியங்கொட்டையில் தொடங்கும் அல்ஜீப்ரா

கணிதப் பாடத்தில் ‘எக்ஸ்’ என்னும் எழுத்து வந்ததும் நம் பிள்ளைகளுள் பலர் மிரள்கின்றனர். ஆயின் அல்ஜீப்ரா பிறந்தபோது அதில் அவ்வெழுத்தே இல்லை.

அப்பாஸியக் கலீஃபா மஃமூன் (ஹிஜ்ரி 198–218; கி.பி. 813–833) காலத்தில், பக்தாதில் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி இயற்றிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்ற சொல்லே இக்கலைக்குப் பெயராயிற்று. வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு உதவுவதே தம் நோக்கம் என அவர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். நூலின் ஏறக்குறைய பாதி வஸிய்யத், வாரிசுக் கணக்குகளே.

அவர் குறியீடுகளைக் கையாளவில்லை. சொற்களால் விளக்கி, படத்தால் மெய்ப்பித்தார். ஒரு வர்க்கமும் அதன் மூலத்தைப்போல் பத்து மடங்கும் சேர்ந்து 39 எனில் மூலம் யாது? ஒரு சதுரம் வரைந்து, அதன் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டினார். மூலையில் விடுபட்ட 25-ஐச் சேர்க்க 64 ஆகும். பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5 போக, மூலம் 3.

கற்றல் என்பது செயல், படம், குறியீடு என்னும் மூன்று நிலைகளில் அமைகிறது என்றார் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர். கற்பித்தல் கோட்பாடு பற்றிய அவரது நூல் 1966இல் வெளிவந்தது. நம் வகுப்பறைகளிலோ முதலிரு நிலைகளைத் தாண்டி, நேரே குறியீட்டில் தொடங்கிவிடுகிறோம்.

திண்டுக்கல் சமவெளியில் ஒருவர் 24 சென்ட் நிலம் விட்டு மரணித்தார் எனக் கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே வாரிசுகள். பிள்ளையின் கையில் 24 புளியங்கொட்டைகளைக் கொடுப்போம். சூரத்துன்னிஸாவின் 12ஆம் வசனப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று: 3. எஞ்சிய 21-ஐ, 11ஆம் வசனப்படி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று எனப் பங்கிடட்டும். ஏழு சுற்றில் முடியும்: மகளுக்கு 7, மகனுக்கு 14. அடுத்து அதையே கட்டங்களாக வரையட்டும். அதன் பின்னரே ‘மூன்று எக்ஸ் சமம் 21’ என எழுதுவோம். அப்போது ‘எக்ஸ்’ என்பது வெற்றெழுத்தன்று. ஒரு மகளின் உரிமை.

சீர்வரிசை செய்தாயிற்று என்று கூறிப் பெண்மக்களின் பங்கை மறுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. இக்கணக்கைக் கையால் செய்து பழகிய சிறுமி தன் பங்கை அறிவாள். உடன் அமர்ந்து செய்த சகோதரனும் அறிவான். பயனுள்ள கல்வியையும், பங்கீட்டில் நேர்மையையும் அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக. ஆமீன்.