கிருமிக்கும் உண்டு வம்சாவளி

"ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத வியாதியும் ஒட்டிக்கும்" என்று கரையான்சாவடிப் பக்கம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது வெறும் பயமில்லை. அப்படி ஒட்டியதைத் துப்பறிந்த சரித்திரத்தில் நம் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு.

2010 ஆகஸ்டில் 'லான்செட்' தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக்கட்ட மருந்தையும் முறிக்கும் என்.டி.எம்.-1 மரபணு, சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும் ஹரியானாவில் 26-லும் இருந்தது. பெயரில் 'நியூ டெல்லி' வந்ததால் நாடே கொதித்தது. அந்தச் சத்தத்தில் முக்கிய சேதி அமுங்கிப்போச்சு. டி.என்.ஏ.வைத் துண்டாக்கி ஒப்பிட்டதில், ஹரியானாவின் கிளெப்சியெல்லா கிருமிகள் ஒரே குடும்பம். சென்னையில் கிடைத்தவை பல குடும்பம். ஒரே குடும்பமென்றால் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவியதாகச் சந்தேகிக்கலாம். பல குடும்பமென்றால், மரபணுவே கிருமி விட்டுக் கிருமி தாவுகிறது.

2011-ல் அமெரிக்காவின் என்.ஐ.எச். ஆஸ்பத்திரியில் 18 பேருக்குத் தொற்று. முதல் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி 3 வாரம் கழித்துத்தான் இரண்டாமவரிடம் கிருமி தெரிந்தது. சம்பந்தமே இல்லையென்று தோன்றும். முழு மரபணு வரிசையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோது, அத்தனையும் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளம்பியவை என்று புலப்பட்டது.

2021 செப்டம்பரில், கொரோனாவுக்காக, இத்தகைய அரசு லேப் தேனாம்பேட்டைக்கும் வந்தது. தம்பி தங்கைகளே, வம்சாவளி தேடுவது யார் மீதும் பழி போட அல்ல. வந்த வழி தெரிந்தால்தான் அதை அடைக்க முடியும்.