காரைக்காலைக் காத்த உப்பு

காவிரியிலிருந்து பிரியும் அரசலாறு கும்பகோணத்தைத் தொட்டு வந்து காரைக்காலில் கடலோடு கலக்கிறது. யானைக்கால் நோய் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் கும்பகோணம்தான். அதே ஆற்றின் கடைமடையில் இருக்கும் காரைக்காலும் அந்த நோயைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது. தாழ்வான நிலம், வடியாத தண்ணீர், நெருக்கமான தெருக்கள், கொல்லைப்புறக் கழிவுக்குழிகள் என்று நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு வேண்டியதெல்லாம் இங்கே இருந்தது. இந்த ஊர் கொசுக்கடியின் கேட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த முயற்சிகளில் மிகப் பெரியது கொசுவைத் தொடவே இல்லை. அது அடுக்களை உப்பின் வழியாக நடந்தது. கொசு ஒழிப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் புகையையும் மருந்தடிப்பையும் மட்டும் நினைக்கும் நாம் இந்த வரலாற்றை மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

வீட்டளவில் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. அந்தி நேரத்தில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போட்டார்கள், சாம்பிராணி காட்டினார்கள், வசதியுள்ளவர்கள் வலை கட்டிப் படுத்தார்கள். இவை கடியைக் குறைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் மூட்டம் நள்ளிரவுக்கு முன்பே அடங்கிவிடும். யானைக்கால் நோயின் நுண்புழுக்களோ ஏறத்தாழ இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரைதான் மேல்தோலுக்கு அருகிலுள்ள ரத்தத்தில் மிகுதியாகத் திரியும். இரவு ரத்தப் பரிசோதனைக்காகச் சுகாதாரப் பணியாளர்கள் அகாலத்தில் கதவைத் தட்டியது இதனால்தான். கொசு கடிக்கும் நேரமும் புழு வெளிவரும் நேரமும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. வலையில்லாமல் திண்ணையில் படுத்தவருக்கு அந்த நேரத்தில் எந்தக் காவலும் இல்லை.

கொசுவையே ஒழித்துவிடலாமே என்ற வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்திலேயே சான்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் புதுச்சேரியில் கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராயும் மையத்தைத் தொடங்கியது. 1981 முதல் ஐந்தாண்டுகள், பி. கே. ராஜகோபாலன் தலைமையில், அந்த மையம் புதுச்சேரி நகரத்தில் கொசு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் பெருந்திட்டத்தை நடத்தியது. சாக்கடைகளைச் சீர்செய்தார்கள், மீன்களை விட்டார்கள், தேங்கிய நீரின் மேல் தெர்மாகோல் மணிகளைப் பரப்பினார்கள். கொசு குறைந்தது, நோய்ப் பரவலும் குறைந்தது. ஆனால் திட்டத்தின் ஆட்கள் விலகியபின் கொசு மீண்டும் பெருகியது. சாக்கடை ஒரு நாள் அடைத்தாலும் போதும், முட்டையிட இடம் கிடைத்துவிடும். இந்த வேலையை ஓய்வில்லாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

காரைக்காலின் நிலை இன்னும் கடினம். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. மூன்று பக்கமும் பழைய தஞ்சை மாவட்டத்தின் நிலம். 1739-இல் தஞ்சை அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்தத் துண்டின் எல்லையைக் கொசு என்றைக்கும் மதித்ததில்லை. இந்தப் பக்கம் மருந்தடித்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துசேரும். ஆனால் உப்புக்கு அந்த எல்லை பொருட்டாக இருந்தது. நெப்போலியன் காலப் போர்கள் முடிந்தபின் 1815-இல் இங்கிலாந்தும் பிரான்சும் செய்த ஒப்பந்தம் பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் உப்பை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் கொண்டுவந்தது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்குப் போயிற்று. 1818-இல் செய்த அடுத்த ஏற்பாட்டில் அங்கே உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. கடலோரத்தில் குடியிருந்தும் உப்பை வெளியிலிருந்து வாங்கி உண்ணும் ஊராயிற்று காரைக்கால். வரிக்காக வகுத்த அந்தக் கட்டுப்பாடு மக்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. ஆனாலும் இவ்வளவு சிறிய எல்லைக்குள் உப்பின் வரத்தை ஒரு நிர்வாகம் கையில் வைத்திருக்க முடியும் என்பதை அது காட்டியது.

1954-இல் காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டே தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நுண்புழுவைக் கொல்லும் டை எத்தில் கார்பமசின் என்ற மருந்து 1947 முதலே தெரிந்ததுதான். பன்னிரண்டு நாள் தொடர்ந்து மாத்திரை விழுங்க வேண்டும். புழு சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வரும். உடம்பில் நோவே தெரியாதவர் அதற்கு எப்படி ஒப்புவார்? மருந்தை உப்பில் கலந்துவிடலாம் என்று 1960-களில் பிரேசிலில் சோதித்துக் காட்டியவர் பிராங்க் ஹாக்கிங். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை. வெவ்வேறு நாடுகளின் சோதனைகளில் 1 கிலோ உப்புக்கு 1 முதல் 4 கிராம் வரை கலந்தார்கள். அந்த அளவில் சுவை மாறாது, குழம்பு கொதித்தாலும் மருந்து கெடாது, நாளுக்குக் கொஞ்சமாகப் போவதால் உபாதையும் குறைவு. இந்தியாவில் லட்சத்தீவுக்கு அடுத்து, 1980-களில் காரைக்காலில் இந்த உப்பு மக்களுக்கு வழங்கப்பட்டது. ரத்தத்தில் நுண்புழு உடையவர்களின் விகிதம் மிகவும் தாழ்ந்தது. அதன் முடிவுகள் 1989-இல் ஆய்விதழில் வெளிவந்தன.

அண்டை ஊரில் சாதா உப்பு வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். சிலர் அப்படி வாங்கியிருந்தாலும் திட்டம் குலைந்துவிடாது. மலேரியாக் கிருமிபோல் இந்தப் புழு கொசுவின் உடலில் பெருகுவதில்லை. உறிஞ்சிய நுண்புழுக்களில் சில மட்டுமே வளர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். ஒருவருக்கு நோய் நிலைக்க நூற்றுக்கணக்கான கடிகள் தேவை. ஊரில் பெரும்பாலோர் ரத்தம் சுத்தமானால் கொசு கடித்தும் கொண்டுபோக ஒன்றுமில்லை.

உண்ணும் பொருளில் மருந்து கலப்பது சரியா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அயோடின் உப்பு உண்டே என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. அயோடின் உடலுக்கு வேண்டிய சத்து, இது மருந்து. உண்பவருக்குத் தெரிவித்து, வேண்டாதவருக்கு வேறு உப்பு கிடைக்கச் செய்து நடத்தினால் மட்டுமே இதை நான் ஏற்பேன். நாடு 2004 முதல் கைக்கொண்ட, ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை தரும் முறையில் மறுப்பதற்கு இடமுண்டு. அதனாலேயே மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு விழுங்காதவர்களும் உண்டு, ஆண்டுகளும் நீள்கின்றன. எளிதாக மறுக்கும் வசதி, நீளும் ஆண்டுகள் ஆகிய இரண்டில் ஒன்றை விலையாகக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளில் முடியும் உப்பின் வழியையே, நோயின் கொடுமையை எண்ணி, நான் தேர்வேன்.

உப்பின் காவலுக்கு எல்லை உண்டு. பகலில் கடிக்கும், தொட்டியிலும் குடத்திலும் நல்ல தண்ணீரில் வளரும் ஏடிஸ் கொசுவின் டெங்குவுக்கு அது எதுவும் செய்யாது. அங்கே மூடி போட்ட தொட்டிதான் காவல். முன்பே வீங்கிய காலையும் உப்பு பழைய நிலைக்குக் கொண்டுவராது. அந்தக் காலை நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, விரலிடுக்குப் புண்ணுக்கு மருந்து போட்டு, படுக்கும்போது உயர்த்தி வைக்க வேண்டும். நுண்புழு விகிதம் எவ்வளவு தாழ்ந்தாலும், எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடியின் வீக்கத்தோடு நடப்பவர்களுக்கு இந்தப் பராமரிப்பு வாழ்நாள் முழுவதும் தேவை.